மலையை அறுத்து, கோவிலைக் காப்பாற்றினார்கள்!
எகிப்துக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய அபு சிம்பெல்

ஒரு மலை. அந்த மலையைக் குடைந்து ஒரு கோவில். வாசலில் நான்கு ராட்சதச் சிலைகள். நான்கும் உட்கார்ந்திருக்கும் சிலைகள். உட்கார்ந்த நிலையிலேயே ஒவ்வொன்றும் ஏறத்தாழ 66 அடி உயரம். ஆறு மாடிக் கட்டிடம் அளவு!

இந்தக் கோவிலை ரம்பத்தால் அறுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக்கி, லாரியில் ஏற்றினார்கள். மேட்டுக்குக் கொண்டுபோய், துண்டோடு துண்டைச் சேர்த்து மறுபடியும் கோவிலாக்கினார்கள். இப்போது போய்ப் பார்க்கிறவர்கள், "இது ஆதியில் இருந்தே இங்கே இருந்த மலைதானே!" என்று கேட்கிறார்கள்.

அதுதான் அபு சிம்பெல். எகிப்து நாட்டின் தென்கோடியில், சூடான் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எகிப்து என்றதும் எல்லோரும் பிரமிடுகளைப் பார்த்துவிட்டு, ஒட்டகத்தின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பிரமிடு பார்க்க வேண்டியதுதான். ஆனால், அவ்வளவு தூரம் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால், இதைவிடப் பெரிய அதிசயத்தைப் பார்க்கலாம்.

கட்டியவர் யார்?

இரண்டாம் ராம்சேஸ் என்ற மன்னர். ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தை ஆண்டவர். 66 ஆண்டுகள் அரியணையில் இருந்தவர். வாசலில் இருக்கும் நான்கு சிலைகளும் அவருடைய சிலைகள்தான்! கோவில் கட்டுகிற மன்னர்கள் ஒரு மூலையில் தங்கள் உருவத்தைச் செதுக்கி வைப்பது உண்டு. ராம்சேஸ் மூலையில் நிற்கிற ஆள் அல்ல.

தெற்கே இருந்த நூபியா நாட்டு மக்கள் நைல் நதி வழியாகப் படகில் வருவார்கள். அவர்கள் கண்ணில் முதலில் படவேண்டியது எகிப்து மன்னனின் முகம். பார்த்ததும் பயம் வரவேண்டும். அந்த எண்ணமும் இந்தச் சிலைகளுக்குள் இருக்கிறது.

வாசலைத் தாண்டி உள்ளே போனால், மலைக்குள் ஏறத்தாழ 200 அடி நடக்கலாம். முதல் மண்டபத்தில் எட்டுத் தூண்கள். எட்டுத் தூண்களிலும் மன்னரின் உருவம். சுவர் நிறையப் போர்க் காட்சிகள். காதேஷ் என்ற இடத்தில் ஹிட்டைட்டுகள் என்ற இனத்தாருடன் ராம்சேஸ் போரிட்டார். தேரில் நின்றபடி வில்லை வளைக்கிறார். எதிரிகள் சிதறி ஓடுகிறார்கள். சுவரைப் பார்த்தால் மாபெரும் வெற்றி! ஆனால், அந்தப் போரில் யாரும் முழு வெற்றி பெறவில்லை என்பதுதான் சரித்திர ஆசிரியர்களின் முடிவு. பல ஆண்டுகளுக்குப் பிறகு இரு தரப்பும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டன. சுவர் மன்னருடையது, சிற்பியும் மன்னருடைய ஆள். பிறகு வேறு எப்படிச் செதுக்குவார்?

கடைசியில் கருவறை. அங்கே நான்கு உருவங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மூன்று தெய்வங்கள், நான்காவது ராம்சேஸ்!

ஆண்டுக்கு இரண்டு நாள் இந்தக் கருவறையில் ஓர் அற்புதம் நடக்கிறது. பிப்ரவரி 22, அக்டோபர் 22. அந்த இரு நாட்களிலும் காலைச் சூரியன் வாசலில் நுழைந்து, 200 அடி கடந்து, கருவறைச் சிலைகள் மீது விழுகிறது. சுமார் 20 நிமிடம் மன்னரின் முகம் வெளிச்சத்தில் இருக்கும். ஓரத்தில் இருக்கும் 'தா' என்ற தெய்வம் மட்டும் நிழலிலேயே இருக்கும். அது இருட்டு உலகத்தோடு சம்பந்தப்பட்ட தெய்வம். ஒரு நாள் மன்னரின் பிறந்தநாள், மற்றது அவர் முடிசூடிய நாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டால் போதும்.

பக்கத்திலேயே ஒரு சிறிய கோவில் இருக்கிறது. அது மன்னரின் மனைவி நெபர்தாரிக்காகவும் ஹாதோர் என்ற பெண் தெய்வத்துக்காகவும் குடையப்பட்டது. வாசலில் ஆறு சிலைகள். நான்கு மன்னருக்கு, இரண்டு ராணிக்கு. எகிப்தியச் சிற்பங்களில் சாதாரணமாக மன்னரின் முழங்கால் உயரத்துக்குத்தான் மனைவியைச் செதுக்குவார்கள். இங்கே ராணியும் மன்னரும் சம உயரம்! பெரிய கோவிலைப் பார்த்த களைப்பில் பலர் இதை வெளியில் இருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது சரியல்ல. உள்ளே ராணியின் உருவங்கள் அத்தனை அழகு.

மணலில் புதைந்தது

காலம் ஓடியது. ஆட்சிகள் மாறின. பாலைவனத்து மணல் காற்றில் பறந்து வந்து கோவிலை மூடியது. 1813-ம் ஆண்டு பர்க்ஹார்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இந்த வழியாக வந்தார். மணலுக்கு மேலே ஒரு சிலையின் தலை தெரிந்தது. மற்றவை பெரும்பாலும் மணலுக்குள்.

1817-ல் பெல்சோனி என்ற இத்தாலியர் மணலைத் தோண்டி உள்ளே நுழைந்தார். அவர் முதலில் செய்த தொழில் என்ன தெரியுமா? மேடையில் பத்துப் பன்னிரண்டு ஆட்களை ஒரே சமயத்தில் தூக்கிக் காட்டும் பயில்வான் வேலை!

வந்தது வெள்ளம்

மணலில் இருந்து தப்பிய கோவிலுக்குத் தண்ணீரால் ஆபத்து வந்தது.

நைல் நதிதான் எகிப்தின் உயிர். ஒரு வருடம் வெள்ளம் வந்து ஊரை அழிக்கும். மறு வருடம் தண்ணீர் இல்லாமல் பயிர் காயும். ஆகவே, அஸ்வான் என்ற ஊருக்குத் தெற்கே மாபெரும் அணை கட்டுவது என்று எகிப்து முடிவு செய்தது. 1960-ல் வேலை தொடங்கியது. அணையின் நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். உயரம் 111 மீட்டர். 1970-ல் கட்டி முடிந்தது. அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர், சூடானுக்குள்ளும் நீண்டு, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியாகும் என்று கணக்கிட்டார்கள்.

அந்த ஏரிக்குள் மூழ்கப்போகும் கோவில்கள் எத்தனையோ! அவற்றில் தலையாயது அபு சிம்பெல்.

அணை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பசித்தவனிடம் போய், "பழைய கல்லைக் காப்பாற்று, சோறு பிறகு சாப்பிடலாம்" என்று எப்படிச் சொல்வது? எகிப்து இரண்டையும் விரும்பியது. அணையும் வேண்டும், கோவிலும் வேண்டும். பணம்தான் இல்லை. கலாசார மந்திரி தர்வத் ஒகாஷா ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார அமைப்பான யுனெஸ்கோவிடம் உதவி கேட்டார். கிறிஸ்தியான் தெரோஷ் நொப்லக்கூர் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், இந்த அம்மாள், ஓயாமல் இதற்காகப் பாடுபட்டார். 1960 மார்ச் 8-ந் தேதி யுனெஸ்கோ உலக நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தது.

நூபியாவில் புதைந்திருப்பதை வெள்ளம் வருவதற்குள் தோண்டி எடுக்கப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஓடினார்கள். இந்தியத் தொல்பொருள் துறையும் ஒரு குழுவை அனுப்பியது. அதற்குத் தலைவர் பி.பி.லால். 1962-ல் ஆபியா என்ற ஊர்ப்பக்கம் நம் நாட்டவர்கள் தோண்டினார்கள். பழங்காலக் கல் கருவிகள் கிடைத்தன.

எப்படிக் காப்பாற்றுவது?

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கோவிலைச் சுற்றி உயரமாக அணை கட்டி, தண்ணீர் வராமல் தடுக்கலாம் என்றது ஒரு யோசனை. அப்படிச் செய்தால், கசியும் தண்ணீரைக் காலமெல்லாம் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மலையை அடியோடு பெயர்த்து, ஜாக்கி வைத்து முழுசாக மேலே தூக்கலாம் என்றார்கள் இத்தாலியர்கள். கார் சக்கரம் மாற்ற ஜாக்கி போடுவது போலத்தான்! ஆனால் எடை லட்சக்கணக்கான டன். பணத்தைக் கேட்டதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். இங்கிலாந்தில் இருந்து வந்த யோசனைதான் வேடிக்கை. கோவில் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். சுற்றிலும் தெளிந்த நீரை நிரப்பி, மக்கள் நீருக்கடியில் அறைகளில் இறங்கிப் பார்க்கட்டும் என்றார்கள். மீன் தொட்டி மாதிரி!

கடைசியில், 1963-ல், சுவீடன் நாட்டு என்ஜினீயர்கள் வகுத்த திட்டம் ஏற்கப்பட்டது. அறுத்து எடுத்து, மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆராய்ச்சியாளர்கள் பலருக்கு நெஞ்சு பதறியது. 3,200 ஆண்டு முகத்தில் ரம்பம் வைப்பதா?

வேறு வழி இல்லை. 1964-ல் வேலை தொடங்கியபோது நதியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

ரம்பமும் பசையும்

முதலில் கோவிலுக்கு முன்னால் இரும்புத் தகடுகளை அடித்து, அவசர அவசரமாகத் தடுப்பணை போட்டார்கள். தடுப்பணைக்கு அந்தப் பக்கம் நதி. இந்தப் பக்கம், நதியின் மட்டத்தைவிடத் தாழ்வான பள்ளத்தில், தொழிலாளர்கள். பம்புகள் இரவு பகலாகக் கசிவு நீரை இறைத்தன. பம்பு நின்றால் வேலை அத்துடன் போச்சு.

அடுத்து, சிலைகளின் முன்னால் மணலை மலையாகக் குவித்து மூடினார்கள். பெல்சோனி அரும்பாடுபட்டு அகற்றிய அதே மணலைத்தான் மறுபடியும் கொட்டினார்கள்! மேலே மலையை உடைக்கும்போது கல் விழுந்து சிலைக்குச் சேதம் வரக்கூடாது அல்லவா? வெடி வைக்கவும் முடியாது. லட்சக்கணக்கான டன் பாறையைக் கருவிகளால் கொஞ்சம் கொஞ்சமாகவே அகற்றினார்கள்.

பிறகு அறுக்கும் வேலை. இத்தாலியில் பளிங்குக் கல் அறுப்பதையே பரம்பரைத் தொழிலாகச் செய்யும் ஆட்கள் வந்தார்கள். வெளியில் தெரியும் இடங்களைக் கைரம்பத்தால் அறுத்தார்கள். வெட்டு எவ்வளவு அகலம் இருக்கலாம்? ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு! கல்லோ மணற்கல். அழுத்திப் பிடித்தால் உதிரும். அதற்காக ஒருவகைப் பசையைக் கல்லுக்குள் செலுத்தி, இறுக வைத்துக்கொண்டு அறுத்தார்கள். ஒவ்வொரு துண்டும் 20 டன், 30 டன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மேலே துளையிட்டு இரும்புக் கம்பியை நட்டு, கம்பியில் கிரேனை மாட்டித் தூக்கினார்கள்.

1965 அக்டோபரில் மன்னரின் முகம் மேலே போனது. காதுக்கு முன்னால் அறுத்து, நெற்றி முதல் மோவாய் வரை ஒரே துண்டாக எடுத்தார்கள். அந்தரத்தில் அந்த முகம் தொங்குகிற புகைப்படம் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வெளிவந்தது. தொங்கும்போதும் மன்னரின் புன்சிரிப்பு மாறவில்லை!

பழைய இடத்தைவிட ஏறத்தாழ 210 அடி உயரத்தில், நதியில் இருந்து 650 அடி தள்ளி, புதிய இடம். கோவில் முன்பு எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ, அதே திசையில் வைத்தார்கள். இல்லையென்றால் சூரிய ஒளி கருவறைக்கு வராதே! முன்பெல்லாம் ஒளி ஒரு நாள் முன்னதாக வந்தது என்று சொல்வது உண்டு. எப்படியோ, ஒளி வருகிறது.

கோவிலுக்குப் பின்னால் தெரியும் மலை? அது செயற்கை மலை. உள்ளே காங்கிரீட் குவிமாடம். ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் ஏறத்தாழ 60 மீட்டர். அதன் மேல் பாறையையும் மண்ணையும் போட்டு மூடியிருக்கிறார்கள்.

நான்கு சிலைகளில் இரண்டாவது சிலையின் தலையும் மார்பும் பழங்காலத்திலேயே நிலநடுக்கத்தில் உடைந்து கீழே விழுந்துவிட்டன. "ஒட்ட வைத்துவிடலாமே!" என்ற ஆசை என்ஜினீயர்களுக்கு வந்திருக்கும். வைக்கவில்லை. உடைந்த தலையையும் தூக்கிக்கொண்டு போய், பழைய இடத்தில் எப்படிக் கிடந்ததோ அப்படியே புதிய இடத்திலும் கிடத்தினார்கள். 2,600 ஆண்டுகளுக்கு முன் இவ்வழியே போன கிரேக்கக் கூலிப்படையினர் ஒரு சிலையின் காலில் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போனார்கள். அந்தக் கிறுக்கலும் பத்திரமாக மேலே வந்து சேர்ந்தது!

1968 செப்டம்பர் 22-ல் விழா நடந்தது. செலவு சுமார் 4 கோடி டாலர். 50 நாடுகள் சேர்ந்து ஏறத்தாழ பாதிப் பணம் கொடுத்தன.

ஊரை விட்டுப் போனவர்கள்

அந்த ஏரிக்குள் கோவில்கள் மட்டுமா இருந்தன? ஊர்களும் இருந்தன. நூபிய மக்களின் ஊர்கள். நதிக்கரையில் பேரீச்சை மரங்கள். சாயம் பூசிய மண் வீடுகள். வாசல் சுவரில் அழகுக்குப் பீங்கான் தட்டுகளைப் பதித்திருப்பார்கள்.

1963 அக்டோபரில் எகிப்துப் பகுதி நூபியர்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். 1964 நடுவில் எல்லா ஊரும் காலி. ஏறத்தாழ 50,000 பேர்! சூடான் பக்கமும் அதே அளவு மக்கள் போனார்கள். புறப்படுமுன் கல்லறைகளுக்குப் போய்த் தங்கள் பெரியவர்களிடம் விடைபெற்றார்கள். வீட்டுச் சுவரை முத்தமிட்டார்கள். வெள்ளத்தில் மூழ்கப்போகும் வீட்டைப் பூட்டி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

எகிப்து நூபியர்களை கோம் ஓம்போ என்ற ஊர்ப்பக்கம் குடியேற்றினார்கள். வரிசை வரிசையாக ஒரே மாதிரியான வீடுகள். பல வீடுகள் கட்டி முடிந்திருக்கவில்லை. நதி பார்வையில் இல்லை. முதல் ஆண்டில் குழந்தைகளும் முதியவர்களும் நிறைய இறந்தார்கள்.

மன்னரின் சிலை மண்ணைவிட்டு எழும்பியபோது உலகமே பார்த்தது. இவர்கள் போன படகையும் ரெயிலையும் அவ்வளவு பேர் பார்க்கவில்லை. 2014-ம் ஆண்டு எகிப்தின் அரசியல் சட்டத்தில், நூபியர்களைப் பத்து ஆண்டுகளில் பழைய பகுதிகளுக்குத் திரும்பக் கொண்டுவருவதாக ஒரு விதி சேர்க்கப்பட்டது. 2024-ல் கெடு முடிந்தபோது அது நிறைவேறியிருக்கவில்லை.

ஆகவே, அபு சிம்பெல் போகிறவர்கள் அஸ்வானில் உள்ள நூபிய அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டும். 1997-ல் திறக்கப்பட்டது. மூழ்கிய ஊர்களில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அங்கே காட்டியிருக்கிறார்கள். கோவிலைப் பார்ப்பதற்கு முந்தின நாள் இதைப் பார்ப்பது நல்லது. மறுநாள் கோவில் வாசலில் நின்று ஏரியைப் பார்க்கும்போது, அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியும். அஸ்வானுக்கு எதிர்க்கரையில் கார்ப் சுஹைல் என்ற நூபிய ஊரும் இருக்கிறது. படகில் போகலாம். நீலமும் மஞ்சளுமாக வீடுகள். தேநீர் கொடுத்து உபசரிப்பார்கள்.

எப்படிப் போவது?

சென்னையில் இருந்து வளைகுடா நாட்டு ஊர் ஒன்றில் விமானம் மாறி கெய்ரோ போகலாம். கெய்ரோவில் இருந்து அஸ்வானுக்கு விமானமும் உண்டு. இரவு ரெயிலும் உண்டு. அஸ்வானில் இருந்து அபு சிம்பெல் சுமார் 280 கிலோமீட்டர். சாலை முழுவதும் பாலைவனம். மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். சுற்றுலா வண்டிகள் விடியுமுன்னே புறப்பட்டுவிடும். அபு சிம்பெலிலும் ஒரு விமான நிலையம் இருக்கிறது.

எல்லா வண்டிகளும் காலையில் ஒரே சமயத்தில் வந்து சேருவதால் அப்போது பெருங்கூட்டம். பகல் 12 மணிக்கு மேல் ஈ, காக்கை இருக்காது. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் ஓர் இரவு அங்கேயே தங்குவது உத்தமம். இரவில் ஒளி-ஒலிக் காட்சி பார்த்துவிட்டு, காலையில் சூரியன் எழும்போது சிலைகளின் முன்னால் நிற்கலாம். கல் பொன்னிறமாக மாறும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கோடையில் வெயில் 40 டிகிரிக்கு மேல். நிழலுக்கு ஒரு மரம் தேடவேண்டும். தொப்பி, தண்ணீர் இரண்டும் கட்டாயம். சூரிய ஒளி விழும் இரு நாட்களிலும் ஆயிரக்கணக்கான பேர் இரவிலேயே வரிசையில் நிற்பார்கள். கருவறை சிறியது. உள்ளே போனால் ஒரு நொடி பார்க்கலாம். அடுத்த நொடி பின்னால் வருகிறவர் தள்ளுவார். அந்த அற்புதத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் வேறு நாளில் போவதே சுகம்.

மற்ற கோவில்கள்

அஸ்வானுக்குப் பக்கத்தில் பிலே கோவில் இருக்கிறது. 1902-ல் கட்டிய பழைய அணையாலேயே அது ஆண்டில் பல மாதம் தண்ணீரில் நின்றது. தூண்களுக்கு நடுவே படகில் போய்ப் பார்த்தார்கள்! அதையும் கல் கல்லாகப் பிரித்து, பக்கத்தில் உள்ள அகில்கியா தீவில் கட்டினார்கள். 1980-ல் வேலை முடிந்தது. அந்தத் தீவையே பழைய தீவின் வடிவத்துக்குச் செதுக்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1972-ல் லண்டனில் துத்தன்காமன் மன்னரின் தங்க முகமூடியைக் காட்சிக்கு வைத்தபோது 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் டிக்கெட் வாங்கினார்கள். அதில் மிஞ்சிய பணம் பிலே கோவிலுக்குத்தான் போனது.

அமாதா என்ற சிறு கோவிலின் கதை இன்னும் அதிசயம். சுவரில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வர்ணம் இருப்பதால் அறுத்தால் உதிர்ந்துவிடும். பிரெஞ்சு என்ஜினீயர்கள் கோவிலைத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். சுமார் 900 டன் கோவில், அங்குலம் அங்குலமாக நகர்ந்து, 2.6 கிலோமீட்டர் போனது! ஏரியில் போகும் சுற்றுலாக் கப்பலில் ஏறினால் இதைப் பார்க்கலாம். அந்த ஏரியில் முதலைகள் உண்டு. தண்ணீரில் காலை நனைக்கும் ஆசை வேண்டாம்.

உதவி செய்த நாடுகளுக்கு எகிப்து நன்றிக்கடனாகச் சில கோவில்களையே கொடுத்துவிட்டது. ஸ்பெயினுக்குக் கொடுத்த தெபோத் கோவில் மாட்ரிட் நகரப் பூங்காவில் நிற்கிறது. நெதர்லாந்துக்குக் கொடுத்தது லெய்டன் நகரில். இத்தாலிக்குக் கொடுத்தது தூரின் நகரில். அமெரிக்காவுக்குக் கொடுத்த தெண்டூர் கோவில் 661 பெட்டிகளில் கப்பல் ஏறி நியூயார்க் போனது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அதற்காகவே ஒரு கண்ணாடிக் கூடம் கட்டி, முன்னால் நைல் நதியை நினைவூட்டும்படி தண்ணீர் தேக்கி, 1978-ல் திறந்தார்கள். பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர்கள், எகிப்து போக முடியாவிட்டாலும், ஒரு மத்தியான நேரத்தில் இங்கே போய் வரலாம். உட்காரவும் இடம் இருக்கிறது.